பார்வதியம்மா கையில் கண்ட தடங்கள்

போன மாதம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை அறையில் இப்போது அவள்தான் மூத்தவள். புது மெஷின் வந்துவிட்டதாம். எலும்பைச் சுற்றி அதுவே கோடு போடுகிறது, அதுவே கணக்குப் பார்க்கிறது, இன்னும் பத்து வருடத்தில் இந்த ஆளுக்கு எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று அதுவே அச்சடித்தும் தருகிறது. "இனிமே ஆளப் படுக்க வச்சா போதும் ஸ்டெல்லாக்கா, மத்ததெல்லாம் அதுவே பாத்துக்குதுலா" என்றாள். யாராவது இவ்வளவு நிம்மதியாகப் பேசினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். எங்கள் பிரிவு ஒரு மலர் போடுகிறது, அதற்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும். நல்லதாக நாலு சம்பவம், கொஞ்சம் சிரிப்பு, இளையவர்களுக்கு வாழ்த்து என்று எதிர்பார்த்திருப்பாள். என்னிடம் அப்படிப்பட்ட சரக்கு குறைவு. என் வேலையே சந்தேகப்படுவதுதான். அந்தக் குணத்தால் சிலருக்கு நல்லது செய்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்குத் தீங்கும் செய்திருக்கிறேன். இரண்டையும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

என் அப்பா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய முதுகெலும்பை முதன்முதலாக எக்ஸ்ரே படத்தில் பார்த்த நாளில்தான் இந்தப் படிப்பு படிக்க வேண்டும் என்று தோன்றியது. கோலாலம்பூரில் மூன்று வருடம் படித்தேன். ஊருக்குத் திரும்பி ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்தேன். அதன் பிறகு எலும்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி திரு. சவரிமுத்து.

சவரிமுத்து சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கழுத்துப்பட்டையின் நுனியைச் சட்டைப் பித்தான்களுக்கு நடுவே செருகியிருப்பார், குனியும்போது நோயாளி மேல் படக் கூடாது என்பதற்காக. காலையில் வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். முதுகெலும்பு மாதிரி செய்த ஒரு பிளாஸ்டிக் கட்டி இருக்கும். அதன் அடர்த்தி எவ்வளவு என்று முன்பே தெரியும், என்றைக்கும் மாறாது. தினமும் முதலில் அதைத்தான் மேசையில் வைத்து எடுப்போம். வர வேண்டிய எண் வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைக் கையால் ஒரு நோட்டில் குறித்துவிட்டு, "குட் மார்னிங் ஸ்டெல்லா" என்பார். மெஷினே குறித்துவைக்கிறதே, நீங்கள் எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அப்படியா?" என்றார். அவர் பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான். எதிரே இருப்பவர் சொன்னதைத் தானே திரும்ப யோசித்துப் பார்க்கிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

திரையின் அடியில் எண்கள் வரும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிவைத்திருந்தார். முதலில் படத்தைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு எலும்பாகப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் டேப்பைத் தூக்கலாம். "நம்பர் ரொம்ப மரியாதக்காரன். கேட்டதுக்குப் பதில் சொல்லுவான், கேக்காதத சொல்ல மாட்டான்" என்பார்.

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது பாலிக் புலாவிலிருந்து வந்த ஒரு ஜாதிக்காய்த் தோட்டக்காரரால். எழுபது வயது. முதுகு வலி. மெஷின் தந்த சராசரி எண் அவருடைய வயதுக்கு அருமையாக இருந்தது. நான் சந்தோஷமாக அச்சடிக்கப் போனேன். சவரிமுத்து படத்தைப் பார்த்தார், எழுந்து போய் அவருடைய மனைவியை அழைத்து வந்தார். வீட்டுக்காரர் சட்டையெல்லாம் முன்பு மாதிரிதான் இருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். பழைய சட்டையெல்லாம் இப்போது தொடை வரைக்கும் தொங்குகிறது, துவைத்துத் துவைத்து நீண்டுவிட்டது போலிருக்கிறது என்றார். முன்பு கையை நீட்டிப் பறித்த கிளைக்கு இப்போது கொக்கி வேண்டியிருக்கிறதாம்.

சட்டை நீளவில்லை, மனிதர்தான் குட்டையாகிவிட்டார். அவருடைய முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி அமுங்கியிருந்தது. அமுங்கிய எலும்பில் அதே சுண்ணாம்புச் சத்து சிறிய இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். அடர்த்தியைக் கேட்டால் அதிகம் என்றுதான் மெஷின் சொல்லும். உடைந்த எலும்புதான் அந்த அறிக்கையில் நல்ல எலும்பாகத் தெரிந்தது. அதை விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டோம், உண்மையான எண் வந்தது. அவருக்கு மருந்து கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் நம்பாதவள் ஆனேன். வயிற்றுப் பகுதியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காலையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை விழுங்கினீர்களா என்று கேட்பேன். ஆண்களிடம் அரைஞாணைக் கழற்றியாயிற்றா என்று இரண்டு தடவை கேட்பேன். இடுப்பெலும்பு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாரும் கொஞ்ச நேரத்தில் அதைத் தளர்த்திவிடுவார்கள் என்பதால் அங்கிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். சவரிமுத்துவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கேள்வித்தாளில் கடைசிக் கேள்வி, டாக்டர் எழுதித் தராத மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது. அதை மட்டும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பார். வீட்டு மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் முழுதாகப் பேச மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு கூட்டம் அதிகமாயிற்று. அந்த வழக்கத்தை நான் எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பார்வதியம்மா வந்தது அதற்குப் பிறகு. வயது அறுபத்தேழு. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவருடைய மருமகள் சுமதி. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. சுமதி தொழிற்சாலை வேலை முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். அவள் கணவர் குணா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பார்வதியம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு முன் மணிக்கட்டு முறிந்திருந்தது. இப்போது முதுகில் ஓர் எலும்பு நொறுங்கியிருப்பதாக எக்ஸ்ரே சொன்னது. அதனால் அடர்த்தி பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு முன்னங்கைகளிலும் ரத்தக்கட்டு. சில ஊதா நிறம், சில பழுத்து மஞ்சளானவை. இது என்ன என்று பார்வதியம்மாவைக் கேட்டேன். பதில் சொன்னது சுமதி. "தெரியலக்கா. லேசா இடிச்சிக்கிட்டாலே இப்படி ஆயிடுது."

எக்ஸ்ரே அறையில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் இதே பதிலை அடி வாங்கியவர்களிடமும் கேட்டிருக்கிறேன், அடித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். அப்போதே சுமதியைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வந்தேன். வேறு மருந்து ஏதாவது? பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றாள் சுமதி. பார்வதியம்மா மருமகளின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "வேற ஒண்ணும் இல்ல" என்றார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. என் மனம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. தாளில் 'இல்லை' என்று குறித்தேன்.

பரிசோதனையில் இரண்டு எண் வரும். ஒன்று, இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்வது. இன்னொன்று, அதே வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்வது. முதல் எண் மோசமாக இருந்தால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பொருள். வயதானவர்களுக்கு அது சகஜம். இரண்டாவது எண்ணும் மோசமாக இருந்தால் அது முதுமையால் மட்டும் வந்ததில்லை, வேறு ஏதோ எலும்பைத் தின்கிறது என்று தேட வேண்டும். பார்வதியம்மாவுக்கு இரண்டும் மோசம். நான் இரண்டையும் பார்த்தேன். ஆனால் தேடுவதற்கு எனக்கு அதற்குள் ஓர் ஆள் கிடைத்துவிட்டாள்.

மறுநாள் ஃபெரி ஏறி பட்டர்வொர்த்திலிருந்து பார்வதியம்மாவின் மகள் விமலா வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். அறிக்கை வாங்க வந்தவள் என்னைத் தனியாக ஒதுக்கி அழைத்தாள். நர்ஸைக் கூப்பிடுவது மாதிரி எங்களையும் எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "மிஸி, அண்ணி ரொம்ப கோவக்காரங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா அம்மா மேலதான் காட்டுவாங்க. நான் கண்ணால பாக்கல. ஆனா அந்தக் கையப் பாத்தீங்கல்ல?" என்றாள். அழுதாள். அம்மாவுக்காக அழுத அழுகைதான் அது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றே டாக்டருக்குக் குறிப்பு எழுதினேன். இரு கைகளிலும் பல நாட்களைச் சேர்ந்த ரத்தக்கட்டுகள், மருமகள் நோயாளியைப் பேச விடவில்லை, நோயாளி அஞ்சுகிறார், வீட்டில் தாக்கப்பட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்தபோது ஒரு பாட்டியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி எனக்கு இருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவு சுமதியைத் தனியாக அழைத்து இரண்டு முறை விசாரித்தது. குணாவை வேலையிலிருந்து வரவழைத்தார்கள். மருமகள் என்னை அடிக்கவில்லை என்று பார்வதியம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அடி வாங்குகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பாதுகாப்புக்காக அவரை மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெலுத்தோங்கில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி பரவிவிட்டது. குணா மனைவியோடு பேசுவதை நிறுத்தினார்.

விசாரணை முடிந்த அன்று சுமதி நடைபாதையில் என் எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் அடிச்சிருந்தா, எதுக்குக்கா லீவு போட்டு லீவு போட்டு ஒவ்வொரு தடவையும் நானே இங்க கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டாள். அதற்கும் என் மனதில் பதில் இருந்தது. அடித்தவர்கள்தான் கூடவே வந்து வாயைக் காவல் காப்பார்கள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான்கு மாதம் கழித்து பார்வதியம்மா மறுபடி வந்தார், இந்தத் தடவை விமலாவோடு. முதுகில் புதிதாக வலி, இன்னோர் எலும்பு நொறுங்கியிருந்தது. முகம் முன்பைவிட இன்னும் உருண்டு பளபளப்பாக இருந்தது. மகள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்தேன். அதே ஊதாத் தடங்கள்.

பழையது மிஸி, இன்னும் ஆறவில்லை என்றாள் விமலா. ரத்தக்கட்டு இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். நான்கு மாதம் இருக்காது. என் சந்தேகம் அந்த இடத்திலேயே ஒரு திருப்பம் திரும்பி விமலா மேல் போய் நின்றது. அப்படியானால் அடிப்பவள் மகளா? இதையும் எழுத வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

விமலாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு பார்வதியம்மாவை மேசையில் ஏற்றினேன். ஏறும்போது அவர் கொஞ்சம் வழுக்கினார். சட்டென்று முன்னங்கையைப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிற பிடி இல்லை, குழந்தையைப் பிடிக்கிற மாதிரிதான். கால்களைத் தூக்கிக் கட்டையின் மேல் வைத்து முதுகை எடுத்தேன். பாதத்தைத் திருப்பிக் கட்டி இடுப்பை எடுத்தேன். பத்து நிமிடம் இருக்கும். பாதத்தில் கட்டியதை அவிழ்க்கத் திரும்பியபோது அவர் கையைப் பார்த்தேன். நான் பிடித்த இடத்தில் நான்கு சிவப்புத் தடங்கள், வரிசையாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் கறுத்து ஊதாவாகிக்கொண்டிருந்தன. என் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தின.

எத்தனை பேரை இந்தக் கைகளால் பிடித்து ஏற்றியிருக்கிறேன், யாருக்கும் இப்படி ஆனதில்லை. அந்தத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. உருண்ட முகம், மெலிந்த கைகால், வயதை மீறித் தேய்ந்த எலும்பு. எல்லாம் முதல் நாளிலிருந்தே என் கண்முன்தான் இருந்தன.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுறீங்கம்மா என்று கேட்டேன். அவர் கதவைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு தைலப் புட்டியை எடுத்தார். உள்ளே கறுப்பும் பச்சையுமாகக் காப்சூல்கள். பெயர் இல்லை, சீட்டு இல்லை.

"மக வாங்கித் தர்றது. மூணு வருசமா சாப்பிடுறேன். வேர் மருந்துதான் மிஸி, மலாய்க்காரங்க ஜாமு மாதிரி. ஒண்ணு போட்டா ரெண்டு மணி நேரத்துல வலி போன எடம் தெரியாது." என் கையைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சுமதிக்கு மட்டும் சொல்லிடாதீங்க. பேரில்லாத மருந்த சாப்பிடக் கூடாதுன்னு ஒரு தடவ குப்பையில கொட்டிட்டா. அவளுக்குத் தெரியாமத்தான் வச்சிருக்கேன்."

அன்றைக்கு மருமகள் முகத்தை அவர் பார்த்த பார்வையின் பொருள் அதுதான். ஒளித்துவைத்திருக்கும் புட்டி வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்.

புட்டியோடு டாக்டரிடம் போனேன். அவர் பார்வதியம்மாவின் முகத்தையும் வயிற்றையும் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், காப்சூல்களைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வேர் மருந்து என்று விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி பறந்துவிடும். ஆனால் புது எலும்பு உருவாவதை அது தடுக்கும், தோலை மெலிய வைக்கும், முகத்தை உருட்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல வருடம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, உயிருக்கே மோசமாகும். அதனால் டாக்டர் பெயர் தெரிந்த மாத்திரையை அளவோடு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஏற்பாடு செய்தார்.

மருந்தைப் பற்றி விமலாவிடம் நான்தான் சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது. "அண்ணி மேல சந்தேகம்னு எழுதினது நீங்கதானே மிஸி? இப்ப என் மேலயா?"

சட்டைக் கையை மடித்து அவள் அம்மாவின் கையிலிருந்த நான்கு தடங்களைக் காட்டினேன். இது காலையில் நான் பிடித்தது என்றேன். அவள் என்னையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. காப்சூலில் ஸ்டீராய்டு இருந்தது. விமலாவை அழைத்துச் சொன்னேன். கூட வேலை செய்கிற ஒரு பெண்தான் இதைக் கொண்டுவந்து கொடுப்பாளாம், அவளுடைய அம்மாவும் இதையே சாப்பிடுகிறாளாம். "வலியில்லாம தூங்கினாங்களே மிஸி" என்று மட்டும் சொன்னாள். அந்த இன்னொரு அம்மாவையும் உடனே டாக்டரிடம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் குறிப்பைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன். மருத்துவக் கோப்பில் எழுதியதை அழிக்க முடியாது, கீழே திருத்தம் எழுதலாம் என்றார்கள். எழுதினேன். என் விரல்களாலேயே அதே தடம் ஏற்பட்டதையும், கடைசிக் கேள்வியை மருமகள் முன்னாலேயே கேட்டுவிட்டதையும், இரண்டாவது எண்ணைப் பார்த்தும் கடந்து போனதையும் எழுதினேன். மேலே பழைய குறிப்பு அப்படியே இருக்கிறது. என் கையெழுத்து இரண்டுக்கும் கீழே இருக்கிறது.

பார்வதியம்மா ஜெலுத்தோங்குக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத் திரும்பிப் போனார். அவர் போன மறு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும் அந்த அடுக்குமாடிக்குப் போனேன். சுமதி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். திறக்க நேரமாயிற்று. உள்ளே குணா இருந்தார், விமலாவும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றார். அவர் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, அவரும் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சுமதி அடிக்கவில்லை, நான் எழுதியது தவறு, இந்த வீட்டில் அந்த மருந்து வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்று சொன்னேன். குணா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமலா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மன்னித்துவிடு என்று சுமதியிடம் கேட்டேன்.

அவள் மாமியார் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கம் போய் நின்றாள். "இவங்கள எப்படித் தூக்குறதுன்னு காட்டுங்க. இத்தன நாளா எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் தூக்குறேன்" என்றாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சையாளர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றதைக் காட்டினேன். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்த்தி உட்கார வைத்து, பாதங்களை உள்ளே இழுத்துத் தரையில் பதிக்க வேண்டும். அவருடைய உள்ளங்கைகள் நாற்காலிக் கையில் ஊன்றட்டும். நம் முன்னங்கை அவர் முதுகுக்குப் பின்னால், தோள்பட்டைக்குக் கீழே, தட்டையாக. விரல்கள் எதையும் கவ்வக் கூடாது. எழுகிற வேலை அவருடையது, நாம் சாயாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.

சுமதி அப்படியே செய்தாள். விமலா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். பார்வதியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றி எழுந்து நின்றார். சுமதி மெதுவாகக் கையை எடுத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே மாமியாரின் இரண்டு சட்டைக் கைகளையும் தோள் வரை சுருட்டி, அவரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நாங்கள் மூன்று பெண்களும் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. புதிதாக ஒரு தடமும் வரவில்லை.